ஒரே 24 மெகாபிக்சல், இரண்டு கேமராக்கள்: கூடுதல் விலை எதற்குப் போகிறது?

கேனான் 2023-ல் கொண்டுவந்த ஆர்50, 2024-ல் கொண்டுவந்த ஆர்1 என்ற இரண்டு மிரர்லெஸ் கேமராக்களின் விவரப் பட்டியலையும் அருகருகே வைத்துப் படித்தால் முதல் வரியிலேயே ஒரு குழப்பம் வரும். இரண்டிலும் சென்சார், அதாவது ஒளியைப் பிடித்துப் படமாக்கும் சில்லு, 24.2 மெகாபிக்சல். லென்ஸ் மாட்டும் வாயும் இரண்டிலும் ஒன்றுதான், ஆர்எஃப் மவுண்ட். ஆர்50 புதிதாகப் படம் எடுக்கப் பழகுபவர்களை மனத்தில் வைத்துச் செய்தது. ஆர்1 அந்த வரிசையின் உச்சியில் இருப்பது. விளையாட்டு மைதானத்தின் கோட்டோரத்தில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களுக்கானது. விலை பல மடங்கு ஏறுகிறது, பிக்சல் எண்ணிக்கை மட்டும் அப்படியே நிற்கிறது.

"அவ்வளவு காசு கொடுத்தால் படம் அவ்வளவு நன்றாக வருமா?" என்று கேமரா வாங்கப் போகிறவர்கள் கேட்பார்கள். பெரும்பாலான படங்களில் வராது என்பதுதான் என் பதில். நல்ல பகல் வெளிச்சம், அசையாத பொருள், முக்காலி, ஒரே லென்ஸ். இந்த நான்கும் அமைந்துவிட்டால் இரண்டு கேமராவிலும் எடுத்த படத்தை ஏ4 தாளில் அச்சடித்து நீட்டினாலும் எது எதில் எடுத்தது என்று சொல்வது கடினம். ஆர்50-ன் சென்சார் சிறியது என்பதால், கோணத்தைச் சரிசெய்ய அதைக் கொஞ்சம் பின்னால் நகர்த்த வேண்டியிருக்கும், அவ்வளவுதான். அந்த நான்கில் ஒன்றோ இரண்டோ கைவிட்டுப் போகும்போதுதான் கூடுதல் காசு பேச ஆரம்பிக்கிறது. தொழில்முறை கேமராவின் விலையில் பெரும்பகுதி, படம் தப்பிப்போகாமல் இருப்பதற்கான விலை.

ஓர் உள்ளரங்க வாலிபால் ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். கூரையில் விளக்குகள் இருந்தாலும் கேமராவின் கணக்கில் அது இருட்டுதான். துள்ளி எழும் ஆட்டக்காரரை உறையவைக்க ஷட்டர் திறந்திருக்கும் நேரம் ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடிக்கு மேல் போகக் கூடாது. அந்த வெளிச்சத்தில் எஃப் 2.8 அப்பர்ச்சர் (லென்ஸின் துளை; எண் சிறிதாக ஆகத் துளை பெரிதாகும்) வைத்தால் ஐஎஸ்ஓ (கிடைத்த ஒளியைப் பெருக்கிக் காட்டும் அளவு) 6400 தேவைப்படுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆர்50-உடன் சேர்த்துக் கொடுக்கும் 18-45 மி.மீ. லென்ஸை முழுக்க ஜூம் செய்தால் அப்பர்ச்சர் எஃப் 6.3-க்கு மேல் திறக்காது. அதே வெளிச்சத்துக்கு இப்போது ஐஎஸ்ஓ 32,000 வேண்டும். ஆர்50-ன் வழக்கமான ஐஎஸ்ஓ எல்லை சரியாக அங்கேதான் முடிகிறது. முகத்தில் மணல் தூவியதுபோல் புள்ளிகள் நிறைந்த படம் வரும். "இந்தக் கேமராவே இப்படித்தான்" என்ற முடிவுக்குப் பலர் வருவது இந்த இடத்தில்தான்.

ஆனால் கணக்கைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். ஆர்1-ன் ஃபுல் ஃபிரேம் சென்சார் 36-க்கு 24 மி.மீ. ஆர்50-ன் ஏபிஎஸ்-சி சென்சார் 22.3-க்கு 14.9 மி.மீ. பரப்பில் முன்னது பின்னதைப் போல ஏறத்தாழ 2.6 மடங்கு. ஒரே அப்பர்ச்சர், ஒரே ஷட்டர் வேகத்தில் அது அத்தனை மடங்கு கூடுதல் வெளிச்சத்தைச் சேகரிக்கும். அதாவது ஆர்1-ல் ஐஎஸ்ஓ 6400-ல் எடுத்த படம், புள்ளிகளைப் பொறுத்தவரை ஆர்50-ல் 2500-ல் எடுத்ததுபோல் இருக்கும். நல்ல லாபம்தான். இப்போது கேமராவை மாற்றாமல் அந்த 18-45 லென்ஸைக் கழற்றிவிட்டு எஃப் 1.8 வரை திறக்கும் ஒரு 50 மி.மீ. லென்ஸை மாட்டுங்கள். 6.3-ஐ 1.8-ஆல் வகுத்து வர்க்கப்படுத்தினால் 12-க்குச் சற்று மேல் வருகிறது. சென்சாரை மாற்றினால் கிடைப்பது 2.6 மடங்கு, லென்ஸை மாற்றினால் கிடைப்பது 12 மடங்கு. அந்த 50 மி.மீ. லென்ஸ் கேனான் வரிசையில் மலிவானவற்றில் ஒன்று. தொடக்கநிலை கேமராவோடு வரும் லென்ஸைக் கொண்டு அந்தக் கேமராவை எடைபோடுவது அநியாயம் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இந்தக் கணக்கே காரணம்.

பெரிய சென்சாரின் லாபத்துக்கும் ஒரு நிபந்தனை உண்டு. சென்சார் பெரிதாக ஆக, அதே காட்சியில் ஃபோகஸில் நிற்கும் ஆழம் குறையும். ஒற்றை முகத்தை எடுக்கும்போது பின்புலம் கரைவது அழகு. மூன்று வரிசையாக நிற்கும் குழுவை எடுக்கும்போது கடைசி வரிசை கலங்கிப் போகும். அதைச் சரிசெய்ய அப்பர்ச்சரைச் சுருக்கினால் கூடுதலாகக் கிடைத்த வெளிச்சம் அப்படியே திரும்பிப் போய்விடுகிறது.

இனி வருவது, லென்ஸை மாற்றி ஈடுகட்ட முடியாத விஷயம். என்னைக் கேட்டால் இரண்டு வகைக் கேமராக்களையும் உண்மையில் பிரிக்கும் கோடு இதுதான்: சென்சாரைப் படிக்க எவ்வளவு நேரம் ஆகிறது.

மின்னணு ஷட்டரில், அதாவது திரை எதுவும் அசையாமல், படம் எடுக்கும்போது பெரும்பாலான சென்சார்கள் எல்லா வரிகளையும் ஒரே நேரத்தில் படிப்பதில்லை. மேல் வரியில் தொடங்கி வரி வரியாகக் கீழே இறங்குகின்றன. ஆர்50 வகைக் கேமராவில் அந்தப் பயணத்துக்கு ஏறத்தாழ 30 மில்லிவினாடி பிடிக்கும். ஆர்1-ல் ஏறத்தாழ 3 மில்லிவினாடி. ஷட்டர் வேகம் ஆயிரத்தில் ஒரு பங்கு என்று வைத்தாலும் ஒவ்வொரு வரிக்கும்தான் அந்த ஆயிரத்தில் ஒரு பங்கு. முதல் வரிக்கும் கடைசி வரிக்கும் இடையில் 30 மில்லிவினாடி ஓடிப்போகிறது. மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் அடித்த பந்து அந்த நேரத்தில் 80 செ.மீ.க்கு மேல் நகர்ந்துவிடும். 3 மில்லிவினாடியில் 8 செ.மீ. மட்டுமே நகரும். மெதுவாகப் படிக்கும் சென்சாரில் உருண்டைப் பந்து முட்டையாகிறது, வீசிய கை வில்லாக வளைகிறது.

விளக்குகள் இன்னொரு தொல்லை. மின்சாரம் வினாடிக்கு 50 சுழற்சியாக ஓடும் இடங்களில் மட்டமான எல்இடி விளக்கு வினாடிக்கு 100 முறை மங்கி மங்கி எரியும். 60 சுழற்சி உள்ள இடங்களில் 120 முறை. நம் கண்ணுக்கு அது தெரியாது. நூறு முறை என்றால் ஒரு மங்கலுக்கும் அடுத்த மங்கலுக்கும் இடையில் 10 மில்லிவினாடி. 30 மில்லிவினாடியில் சென்சார் கீழே இறங்கி முடிப்பதற்குள் விளக்கு மூன்று முறை மங்கிவிடுகிறது. படத்தைத் திறந்து பார்த்தால் நெற்றியில் ஒன்று, மார்பில் ஒன்று, முழங்காலில் ஒன்று என மூன்று கரும்பட்டைகள் குறுக்கே ஓடும். எந்த மென்பொருளாலும் அதைச் சுத்தமாகத் துடைக்க முடியாது. மூன்றே மில்லிவினாடியில் படித்து முடிக்கும் சென்சாரில் படம் கொஞ்சம் மங்கலாக வரலாம், ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு வெளிச்சம் லேசாகக் கூடலாம் குறையலாம். வரிசையாகப் பட்டைகள் விழுவதற்கு நேரமே இல்லை.

இந்தத் தொல்லைகளிலிருந்து தப்பத் தொடக்கநிலை கேமராவில் சத்தமில்லாத மின்னணு முறையை அணைத்துவிட்டு, உண்மையில் நகரும் இயந்திரத் திரையை (இயந்திர ஷட்டரை) நாட வேண்டும். ஆர்50-ல் அதுவும் பாதிதான். படம் தொடங்குவது மின்னணு முறையில், முடிப்பது மட்டும் உண்மையான திரை. அதிவேக ஷட்டரும் அகலத் திறந்த லென்ஸும் சேரும்போது பின்புலத்தின் ஒளி வட்டங்கள் ஒரு பக்கம் வெட்டுப்பட்டு வரும். லென்ஸில் குறை என்று எண்ணிப் பலர் லென்ஸை விற்றுவிடுகிறார்கள். பாவம், லென்ஸ் ஒன்றும் செய்யவில்லை.

படிக்கும் வேகம் ஏன் இவ்வளவு விலை கேட்கிறது? சாதாரண சென்சாரில் ஒளியைப் பிடிக்கும் பிக்சல்களும் அதைக் கணக்கிடும் மின்சுற்றுகளும் ஒரே தளத்தில் இடத்துக்காக முட்டிக்கொள்கின்றன. ஸ்டாக்டு சென்சாரில் பிக்சல்கள் மேலே ஓர் அடுக்கு, வேகமான மின்சுற்றுகள் கீழே தனி அடுக்கு. இரண்டையும் நுண்ணிய இணைப்புகளால் ஒட்டுகிறார்கள். ஃபுல் ஃபிரேம் அளவில் இதை முதலில் கடைக்குக் கொண்டுவந்தது 2017-ல் வந்த சோனி ஏ9. ஒரு சிலிக்கான் வட்டில் ஏபிஎஸ்-சி சில்லுகள் விழும் எண்ணிக்கையில் பாதிக்கும் குறைவாகவே ஃபுல் ஃபிரேம் சில்லுகள் விழும். ஒரு தூசியால் ஒரு சில்லு கெட்டால் போகும் பரப்பும் அதிகம். அதையே இரண்டு அடுக்காகச் செய்து ஒட்டுவதென்றால் செலவு எங்கே போய் நிற்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

2021-ல் நிக்கான் இசட்9 ஒரு படி மேலே போனது. 45.7 மெகாபிக்சல் ஸ்டாக்டு சென்சாரை நம்பி இயந்திர ஷட்டரையே எடுத்துவிட்டார்கள். தேய்வதற்குத் திரையே இல்லை. 2023 நவம்பரில் சோனி அறிவித்த ஏ9-ன் மூன்றாம் பதிப்பு எல்லாப் பிக்சல்களையும் ஒரே நேரத்தில் படிக்கிறது. வளைவும் இல்லை, கரும்பட்டைகளும் இல்லை. அதற்குக் கொடுத்த விலையும் உண்டு. அதன் அடிப்படை ஐஎஸ்ஓ 250-ல்தான் தொடங்குகிறது. நிழலின் ஆழத்திலிருந்து விவரத்தை மீட்பதில் அது சாதாரண ஃபுல் ஃபிரேமுக்குச் சற்றுப் பின்தங்கும். வேகம் வாங்கினால் தரமும் தானாகக் கூடவரும் என்று நினைக்க வேண்டாம். மலைகளையும் கட்டடங்களையும் மட்டும் எடுக்கும் ஒருவருக்கு அந்தக் கேமரா தேவையே இல்லாத செலவு.

ஃபோகஸ் விஷயத்தில் நல்ல செய்தி இருக்கிறது. பத்து ஆண்டுகளுக்கு முன் தொடக்கநிலை கேமரா ஓடும் குழந்தையைப் பிடிக்கத் திணறும். இன்று கண்ணைக் கண்டுபிடித்து ஒட்டிக்கொள்ளும் நுட்பம் கீழ்த்தட்டு வரை இறங்கிவிட்டது. 2024-ல் வந்த நிக்கான் இசட்50-ன் இரண்டாம் பதிப்பில் இருப்பது, இசட்9-ல் இருக்கும் அதே எக்ஸ்பீட் 7 செயலி. மூளை ஒன்றுதான். ஆனால் அந்த மூளைக்குச் செய்தி கொண்டுவரும் சென்சார் ஸ்டாக்டு வகை இல்லை. சோனி ஏ9 வினாடிக்கு 60 முறை ஃபோகஸைக் கணக்கிட்டது, 2021-ல் வந்த ஏ1 120 முறை கணக்கிடுகிறது. மெதுவாகப் படிக்கும் சென்சாரால் அந்த வேகத்தில் செய்தி அனுப்ப முடியாது. நேராக நடந்துவரும் மனிதரிடம் இந்த வித்தியாசம் தெரியாது. வலைக்கு மேலே எழும்பித் திடீரென்று திரும்பும் ஆட்டக்காரரிடம் தெரியும். ஆர்1 இன்னும் ஒரு படி போய், வாலிபால், கூடைப்பந்து, கால்பந்து ஆகிய மூன்றிலும் ஆட்ட அசைவுகளையே அடையாளம் கண்டு, பந்து யாரிடம் போகிறதோ அவர் மேல் ஃபோகஸைத் தாவவைக்கிறது.

கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரில் இதே கதை வேறு வடிவில் நடக்கும். தொடர்ந்து படம் எடுக்கும்போது தொடக்கநிலை கேமரா உங்களுக்குக் காட்டுவது, பெரும்பாலும் ஏற்கெனவே எடுத்து முடித்த படங்களை. வலப்பக்கம் ஓடியவர் இடப்பக்கம் திரும்பிய பிறகும் நீங்கள் வலப்பக்கமே கேமராவைத் திருப்பிக்கொண்டிருப்பீர்கள். ஏ9 வந்தபோது படப்பிடிப்பாளர்கள் வாய்பிளந்ததே, வினாடிக்கு 20 படம் எடுக்கும்போதும் காட்சி இருட்டாமல் ஓடியதைப் பார்த்துத்தான்.

பஃபர் என்ற சொல் விளம்பரங்களில் கண்ணில் படாது. படங்களைக் கார்டில் எழுதும் வரை தாங்கி வைத்திருக்கும் தற்காலிக இடம் அது. ஆர்50 மின்னணு ஷட்டரில் வினாடிக்கு 15 படம் எடுக்கும், ஆர்1 வினாடிக்கு 40. ஆர்50-ல் ரா கோப்பாக (சென்சார் பதிந்ததை அப்படியே வைக்கும் பெரிய கோப்பு) எடுத்தால் ஒரு வினாடிக்குள்ளாகவே அந்த இடம் நிரம்பி வேகம் சரிந்துவிடும். ஏன் என்பதற்கும் எளிய கணக்கு இருக்கிறது. ஒரு ரா கோப்பு 25 எம்பி (மெகாபைட்) என்றால் 15 படத்துக்கு 375 எம்பி. யுஎச்எஸ்-1 வகை எஸ்டி கார்டு வினாடிக்கு 104 எம்பிக்கு மேல் வாங்காது. அண்டாவிலிருந்து கொட்டுவதைப் புனலில் பிடிப்பதுபோல. ஆர்1-ல் இருக்கும் சிஎஃப்எக்ஸ்பிரஸ் பி வகைக் கார்டின் மேல் எல்லை வினாடிக்கு 2000 எம்பியை ஒட்டி. வாலிபாலில் ஓர் அடி, ஒரு தடுப்பு, ஒரு விழுதல், அப்புறம் அணியினர் ஓடிவந்து கட்டிப்பிடிப்பது. முதல் வினாடியோடு கேமரா மூச்சு வாங்க நின்றால் அந்தக் கட்டிப்பிடித்தல் கிடைக்காது. சுருக்கிய கோப்பான ஜேபெக்கில் எடுத்தால் ஆர்50 இன்னும் நீண்ட நேரம் தாங்கும். புதியவர்கள் இதைத் தயங்காமல் செய்யலாம்.

கார்டு போடும் இடம் ஆர்50-ல் ஒன்று, ஆர்1-ல் இரண்டு. ஒவ்வொரு படத்தையும் இரண்டு கார்டிலும் எழுதவைக்கலாம். வீட்டுக்காகப் படம் எடுப்பவருக்கு இது பெரிய விஷயமில்லை. இன்னொருவரின் திரும்ப வராத நாளைக் காசு வாங்கிக்கொண்டு எடுப்பவருக்கு, என் பார்வையில், இந்த ஒன்றுக்காகவே இரண்டு கார்டு போடும் கேமராவுக்கு மாறுவது நியாயம். கார்டு எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் ஒருநாள் படிக்க மறுக்கும். அன்றைக்கு லென்ஸின் கூர்மையோ சென்சாரின் பரப்போ ஒன்றுக்கும் உதவாது.

ஆர்50-ல் சென்சாரை மிதக்கவைத்துக் கைநடுக்கத்தைச் சமாளிக்கும் வசதி கிடையாது. லென்ஸில் இருந்தால் உண்டு. ஆர்1-ல் அது 8.5 ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் என்பது ஷட்டர் நேரத்தை இரண்டு மடங்கு நீட்டுவது) என்று நிறுவனம் சொல்கிறது. மங்கிய அறையில் அசையாத சிற்பத்தை எடுக்க அற்புதம், ஓடுகிற ஆட்டக்காரரை அது உறையவைக்காது. பேட்டரி ஆர்50-ல் 7.5 வாட்-மணி, ஆர்1-ல் அதைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு. மழைக் காப்பு பற்றி ஒரு எச்சரிக்கை: பல நிறுவனங்கள் அதை எந்தச் சோதனை எண்ணும் இல்லாமல் பொதுவாகச் சொல்லிவிடும். 2022-ல் வந்த ஓஎம் சிஸ்டத்தின் ஓஎம்-1 கேமரா, தூசியையும் தெறிக்கும் நீரையும் தாங்குவதற்கான ஐபி53 என்ற தரத்தை வெளிப்படையாகச் சொன்னது ஓர் அபூர்வம். கேமரா உடலுக்குக் காப்பு இருந்து லென்ஸுக்கு அது இல்லாமல் போனால் தண்ணீர் லென்ஸ் வழியாகவே உள்ளே போகும்.

விரல்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், விவரப் பட்டியலில் இது வராது. ஆர்50-ல் சுழற்றும் சக்கரம் ஒன்று. ஷட்டர் வேகத்தையும் அப்பர்ச்சரையும் நீங்களே கட்டுப்படுத்தினால், ஒரு பொத்தானை அழுத்தி அந்த ஒரே சக்கரத்தை இதற்கும் அதற்கும் மாற்றிக்கொண்டிருக்க வேண்டும். ஃபோகஸ் புள்ளியை நகர்த்தத் தனிக் குமிழ் இல்லை, திரையைத் தொட வேண்டும் அல்லது திசைப் பொத்தான்களை அழுத்த வேண்டும். ஆர்1-ல் ஒவ்வொன்றுக்கும் தனிச் சக்கரம், தனிக் குமிழ். கேமராவைச் செங்குத்தாகப் பிடித்தாலும் அதே விசைகள் விரலடியில் இருக்கும். கண்ணை வியூஃபைண்டரிலிருந்து எடுக்காமலே மூன்று மாற்றங்களைச் செய்யலாம். நிதானமாக எடுப்பவருக்கு ஒரு சக்கரம் தாராளம். வெயிலிலிருந்து நிழலுக்கு ஓடும் ஒருவரைத் துரத்தி எடுக்கும்போது, கண்ணை எடுத்த அரை வினாடியில் எல்லாம் முடிந்திருக்கும்.

சில இடங்களில் சின்னக் கேமராவே ஜெயிக்கும். தொலைவில் மரக்கிளையில் ஒரு பறவை. இரண்டு கேமராவிலும் ஒரே டெலி லென்ஸ். ஆர்50 தன் 24 மெகாபிக்சலையும் சிறிய பரப்பில் நெருக்கி வைத்திருக்கிறது. ஆர்1-ல் எடுத்த படத்தில் அதே பரப்பை வெட்டியெடுத்தால் மிஞ்சுவது 9.3 மெகாபிக்சல் அளவுதான். நல்ல வெயிலில், அசையாமல் உட்கார்ந்திருக்கும் பறவையின் இறகு வரிகளை ஆர்50 கூடுதலாகக் காட்டும். பறவை பறக்கத் தொடங்கியதும் ஆட்டம் மறுபக்கம் சாய்ந்துவிடும். எடையும் இருக்கிறது. பேட்டரியும் கார்டும் சேர்த்து ஆர்50 375 கிராம், ஆர்1 1115 கிராம், இசட்9 1340 கிராம். தோளில் தொங்கி நாள் முழுக்கக் கூட வரும் கேமராவும், "இன்றைக்கு வேண்டாம்" என்று அலமாரியில் கிடக்கும் கேமராவும் எடுக்கும் படங்களின் எண்ணிக்கை ஒன்றாக இருக்காது.

எதை வாங்கலாம் என்று கேட்பவர்களிடம் நான் ஒரு வேலை கொடுப்பது வழக்கம். உங்களிடம் இப்போது இருக்கும் கேமராவில் கெட்டுப்போன படங்கள் இருநூறை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் எதனால் கெட்டது என்று எழுதுங்கள்: புள்ளிகள், கைநடுக்கம், ஃபோகஸ் தப்பியது, நேரம் தப்பியது, அல்லது எதை எப்படி எடுப்பது என்ற பார்வையிலேயே குறை. புள்ளிகள் அதிகம் என்றால் முதலில் அகலத் திறக்கும் லென்ஸ். கைநடுக்கம் என்றால் ஷட்டர் வேகத்தைக் கூட்டிப் பாருங்கள், அதற்குப் பிறகு சென்சாரிலேயே கைநடுக்கத்தைச் சமாளிக்கும் இடைநிலைக் கேமராக்களைப் பற்றி யோசிக்கலாம். அசையும் பொருளில் ஃபோகஸும் நேரமும் மட்டுமே மாறி மாறி வருகிறது என்றால்தான் வேகமான சென்சாருக்குக் காசு ஒதுக்குவதில் அர்த்தம் இருக்கிறது. அப்போதும் நேராக உச்சிக்குப் போக வேண்டியதில்லை. 2024-ல் வந்த நிக்கான் இசட்6-ன் மூன்றாம் பதிப்பில் பகுதி ஸ்டாக்டு சென்சார் இருக்கிறது. சாதாரண சென்சாருக்கும் முழு ஸ்டாக்டுக்கும் இடைப்பட்ட வேகம், இடைப்பட்ட விலை.

என்றாவது பெரிய கேமராவுக்கு மாறும் எண்ணம் இருந்தால் இன்றைக்கு வாங்கும் லென்ஸின் பெயரைக் கவனித்து வாங்குங்கள். ஆர்எஃப் லென்ஸ் ஆர்50-லும் வேலை செய்யும், ஆர்1-லும் முழுப் படம் தரும். ஆர்எஃப்-எஸ் என்று எழுதியிருப்பது சிறிய சென்சாருக்கானது. ஆர்1-ல் மாட்டும், படமும் எடுக்கும்; ஆனால் சென்சாரின் நடுப்பகுதி மட்டுமே வேலை செய்யும், பறவைக் கணக்கில் வந்த அதே 9.3 மெகாபிக்சல்.